கொய்யாத் தோப்பில் ஒரு கூலிக்காரி

எங்கள் கல்கீலியாவில் கொய்யா பழுக்கும் காலத்தில், கடலில் போகிற கப்பல்கள் வாசம் பிடித்துத் திசை திரும்பிவிடும். மாலுமிகள் மூக்கை நீட்டிக்கொண்டு கரைக்கு நீந்தி வருவார்கள். சரி, கப்பல் திரும்பாது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும் எங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை. அங்கே கப்பல் என்ன செய்கிறது என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் வாசம் சுவரைத் தாண்டும். அதற்கு நான் பொறுப்பு. ஊரைச் சுற்றி நிற்கிற கான்கிரீட்டின் மேல் விடியலில் ஏறி, வெயில் வருவதற்குள் எங்கள் சமையலறைகளில் இறங்கி, அடுப்பில் இருப்பது காப்பியா கொய்யாவா என்று சந்தேகப்பட வைத்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் தம்பி ஹில்மியின் தோப்பு. இந்தப் பக்கம் அவன் வீடு, அவன் மனைவி யுஸ்ரா, மாடியில் அவன் அக்கா நான். இது யுஸ்ராவின் கதை. அவள் இப்போது என் எதிரில் உட்கார்ந்து, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்கிற ஸஅத்தர் இலை உருவிக்கொண்டிருக்கிறாள். எழுத எழுத வாசித்துக் காட்டுகிறேன். முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்று பேச்சு.

யுஸ்ரா மலைப்பக்கத்து ஊரிலிருந்து வந்தவள். கல்யாணமான முதல் மழையிலேயே ஹில்மியோடு சேர்ந்து அந்தத் தோப்பு முழுக்கக் கன்று நட்டாள். வேலையில் எறும்பு. ஆனால் நடுவில் திடீரென்று நின்றுவிடுவாள். நின்றால் நின்றதுதான். பால் பொங்கி அடுப்பை அணைக்கும், கோழி வீட்டுக்குள் வந்து சோற்றைக் கிளறும், இவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டால், இங்கதானே இருக்கேன் என்பாள். ஒரு தடவை அப்படி நின்றபோது அவள் தோளில் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. குருவி உட்கார்ந்தது மட்டும் நிஜம்.

மகள் அரீஜ் பிறந்த வாரம் தோப்பில் ஒரு கன்றைத் தனியாகத் தனக்கென்று நட்டாள். அது வளர்ந்து நிழல் கொடுக்கும்வரை அரீஜும் பால் குடித்தாள். எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கு அவசரமே கிடையாது. அந்த மரத்தில் முதுகைச் சாய்த்து, பிள்ளையை மடியில் போட்டு, ஊரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதன் பழம் மற்ற மரங்களின் பழம்போல இருக்காதாம். உள்ளே இளஞ்சிவப்பு, தோல் மெலிசு, கடித்தால் கடைசியில் ஒரு புளிப்பு நாக்கின் ஓரத்தில் வந்து நிற்குமாம்.

பிறகு, எங்கள் நிலத்தைப் பிடித்துவைத்திருக்கிறவர்கள் கட்டிய சுவர் வந்தது. தோப்புக்குப் போகச் சுவரில் ஒரு இரும்பு வாயில் வைத்தார்கள். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் அவர்களுடைய பட்டாளத்துப் பையன்கள் வந்து திறப்பார்கள். அனுமதிச் சீட்டு உள்ளவர் மட்டும் போகலாம். மாலையில் திரும்பி வெளியே வராதவரின் சீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். நிலம் ஹில்மியின் பேரில் இருந்ததால் ஹில்மிக்குச் சீட்டு கிடைத்தது. யுஸ்ரா எத்தனை தடவை மனுப் போட்டாலும் ஒரே பதில்தான். நிலம் உன் பேரில் இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டில் ஒரே சண்டை. ஹில்மி முதல் கூடையைக் கொண்டுவந்து வைப்பான். யுஸ்ரா ஒரு பழத்தைக் கடிப்பாள். "இது என் மரத்துப் பழம் இல்ல."

எல்லாம் ஒரே பழம்தான் என்பான் அவன். உனக்கு வாயில இருக்கிறது நாக்கா செருப்புத் தோலா என்பாள் இவள். எந்த வரிசை, எத்தனையாவது மரம் என்று அவன் கேட்பான். அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவள் ஒருநாளும் வரிசை எண்ணிப் போனவள் இல்லை. கால் போகும், முதுகு சாயும், அவ்வளவுதான். நடுவில் சில மரங்கள் காய்ந்தன, சிலவற்றை வெட்டி மறுபடி தழைக்கவிட்டான். சொன்னாலும் கண்டுபிடிக்க முடியாதபடி தோப்பு மாறிவிட்டது.

அந்த மரத்தின் வேரடியிலிருந்து ஒரு கன்று பிடுங்கி வா, முற்றத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவனும் ஏதோ ஒரு மரத்தடியிலிருந்து கொண்டுவந்தான். அது வளர்ந்து காய்த்தது. தடித்த தோல், உள்ளே வெள்ளை. யுஸ்ரா அந்த மரத்தோடு பேசுவதில்லை. இன்றுவரை தண்ணீர் மட்டும் ஊற்றுகிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இதற்கிடையில் சீட்டு கொடுக்கிற அலுவலகம் வருஷத்துக்கு வருஷம் கையை இறுக்கியது. பக்கத்துத் தோப்புக்காரர்கள் சிலருக்கு அடியோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த பருவத்தில் ஹில்மிக்கே கிடைக்குமோ என்னவோ. கன்று வேண்டுமென்றால் இந்த வருஷமே போய் எடுத்தாக வேண்டும், அதுவும் யுஸ்ராவே போக வேண்டும்.

அரீஜ்தான் வழி கண்டுபிடித்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், படிவங்களின் குணம் தெரிந்தவள். அம்மாவை மனைவி என்று எழுதாமல், கொய்யா பறிக்க ஹில்மி அமர்த்திய கூலிக்காரி என்று எழுதிப் போட்டாள். மனைவிக்குக் கிடைக்காத சீட்டு கூலிக்காரிக்குக் கிடைத்தது. ஒரே ஒரு நாளுக்கு.

அன்றிலிருந்து யுஸ்ரா அவனை முதலாளி என்றுதான் கூப்பிட்டாள். கூலி பேசாமல் வேலைக்கு வரமாட்டேன் என்றாள். மத்தியானச் சாப்பாடு யார் செலவு என்று கேட்டாள்.

அந்த ஒரு நாள் எந்த நாளில் விழுந்தது தெரியுமா? குளிர்காலத்துக்காக நாங்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுகிற நாளும் சுவர் கட்டியவர்கள் தள்ளுகிற நாளும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. அந்த வருஷம் நாங்கள் முதலில் தள்ளிவிட்டோம்; யுஸ்ராவின் நாள் விழுந்த அந்த நடுவில் ஊருக்கு ஒரு மணி, வாயிலுக்கு அதைவிட ஒரு மணி முன்னால். கைப்பேசியை நம்பவும் முடியாது. சுவரோரம் போனால் அது எந்தப் பக்கத்துச் சிக்னல் கோபுரத்தின் பேச்சைக் கேட்கும் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒருவரை மணி கேட்டால், யாரோட மணி என்று திருப்பிக் கேட்பார்கள். ஹில்மி அதனால் கைக்கடிகாரம்தான் கட்டுவான்.

முந்தின நாள் படுக்கப் போகும்போது அவன் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, வாயில் மணிக்குச் சரியாக வைத்தான். யாரிடமும் சொல்லவில்லை. அவன் தூங்கிய பிறகு யுஸ்ரா நினைத்தாள்: இந்த மனுஷன் மறந்திருப்பான். அவளும் அதே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தாள். அவளும் சொல்லவில்லை.

வாயில் முன்னால் போய் நின்றபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. சுவர் மேலே போய் பனிக்குள் கரைந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தது. மரமிய்யா இலை போட்ட தேநீரைக் குடுவையிலிருந்து ஊற்றிக் குடித்தார்கள். நேரம் போயிற்று. வாயில் திறக்கவில்லை. வேறு ஊரில் வேறு மனிதர்கள் என்றால் அப்போதே கடிகாரத்தைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்களுக்கு அது தோன்றாது. நாங்கள் வாயிலைத்தான் சந்தேகப்படுவோம். அது நேரத்துக்குத் திறந்தால்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஹில்மி நிம்மதியாகத் திட்டிக்கொண்டு நின்றான்.

பிறகு பக்கத்துத் தோப்பு ஹாஜி மர்ஸூக் கழுதை வண்டியோடு வந்தார். இவ்வளவு தாமதமா என்று ஹில்மி அவரைக் கேட்டான். கழுதைக்குத் தூக்கம் கலையல என்றார் அவர். இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் ஜீப் வந்தது.

சீட்டைப் பார்த்த பையனுக்கு மீசை இன்னும் முளைத்துக்கொண்டிருந்தது. யுஸ்ராவின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ யாரு?"

"கூலிக்காரி."

"இவரு?"

"முதலாளி. ரொம்பக் கஞ்சன்."

பையனுக்கு அரபி எவ்வளவு புரிந்ததோ, கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் தோப்புக்குள் கால் வைத்தவள் அழுதாள் என்று எழுத ஆசைதான். அவள் அழவில்லை. ஹில்மி கிளை கழித்திருக்கிற லட்சணத்தைப் பார்த்து, கத்தரிக்கோலை யார் கையில கொடுத்தே, கழுதை கையிலயா என்று கேட்டாள். பிறகு தேட ஆரம்பித்தாள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்றாள், பட்டையைத் தடவினாள், ஒரு பழம் கடித்தாள், தலையாட்டினாள், அடுத்ததற்குப் போனாள். பனி இலைகளிலிருந்து சொட்டியது. எல்லா மரமும் அவளைத் தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் நின்றன. ஹில்மி பின்னாலேயே பெட்டியை இழுத்துக்கொண்டு, பழத்தைப் பறி, சாயங்காலம் பெட்டி காலியா இருந்தா நீ கூலிக்காரின்னு எவன் நம்புவான் என்று முனகினான். அதனால் பறிக்கவும் வேண்டியிருந்தது. பறித்தாள், தேடினாள், மத்தியானம் ரொட்டியை எண்ணெயில் தொட்டுத் தின்றாள், மறுபடி தேடினாள்.

மரம் கிடைக்கவில்லை. ஹில்மி கடிகாரத்தைப் பார்த்தான். வாயில் திறக்கிற நேரம் ஆகிவிட்டது, கிளம்பு என்றான். இன்னும் பாதித் தோப்பு பாக்கி இருக்கிறது என்றாள். சீட்டுப் போய்விட்டால் முழுத் தோப்பும் போய்விடும் என்றான். அவள் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

வாயிலுக்கு வந்தால் ஆளரவம் இல்லை. ஜீப் இல்லை, கழுதை இல்லை. இரும்புக் கதவு மூடியிருந்தது. நின்றார்கள். நேரம் ஆக ஆக ஹில்மியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எல்லோரும் போய்விட்டார்கள், கதவை மூடிவிட்டார்கள், நாம் உள்ளே மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான். சீட்டு போயிற்று, தோப்பும் போயிற்று. யுஸ்ராவின் கையில் ஒரு கன்றுகூட இல்லை.

பக்கத்துத் தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் மர்ஸூக் தன் மரத்தடியில் சாவகாசமாகப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி, அரீஜின் அப்பனை எங்கள் வழக்கப்படி மகள் பேரைச் சேர்த்துக் கூப்பிட்டார். "என்ன அபூ அரீஜ், சுவருக்குக் காவலா நிக்கிறே?"

"மூடிட்டானுகளா, ஹாஜி?"

"இன்னும் தொறக்கவே இல்ல. அதுக்கு எவ்வளவோ நேரம் இருக்கு."

ஹில்மி வேலியருகே போய் மணிக்கட்டை நீட்டினான். மர்ஸூக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது எந்த நாட்டு மணி?"

"வாயில் மணிதான். ராத்திரி நானே தள்ளி வெச்சேன்."

யுஸ்ரா முக்காட்டைச் சரிசெய்தாள். "நானும்தான்," என்றாள்.

மர்ஸூக் சிரித்த சிரிப்பில் கழுதை பதில் கொடுத்தது. ஹில்மி சிரிக்கவில்லை, பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். அவன் உட்காரும்போதே யுஸ்ரா திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

"எங்கே போறே?"

"கூலிக்காரிக்கு ஒரு மணி நேரம் மிச்சமிருக்கு, முதலாளி."

"கதவு தொறக்கிறப்போ நீ இங்க இல்லேன்னா ரெண்டு பேர் சீட்டும் போயிரும். தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ இந்தக் கடிகாரத்தைக் கட்டிட்டுப் போ."

"வேணாம். அதை நம்பித்தானே இங்க வந்து நின்னோம்."

அவளுக்குக் கிடைத்த அந்த நேரம் ஊர்க் கணக்கிலும் இல்லை, வாயில் கணக்கிலும் இல்லை. வெயில் தோப்புக்குள் சாய்ந்து, தேன் ஊற்றினாற்போல இலைகளில் வழிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு முதல்முறையாக அவள் தனியாக இருந்தாள். விரட்ட ஆளில்லை. இவள் வழக்கம்போல நின்றுவிட்டாள். நின்றபோதுதான், காலையிலிருந்து தான் செய்யாத ஒன்று அவளுக்குப் புரிந்தது. மரத்தை மரத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தாள். அந்த மரத்தை அவள் பார்த்தவளே இல்லை. அதில் சாய்ந்துகொண்டு ஊரையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்?

பள்ளிவாசல் மினாராவுக்குப் பின்னால் ஊர்த் தண்ணீர்த் தொட்டி. அவள் மரத்திலிருந்து பார்த்தால் மினாரா தொட்டியின் நட்டநடுவில் வரும்; குச்சியில் குத்தின உருண்டைபோல. அரீஜுக்கு அதைக் காட்டித்தான் சிரிப்புக் காட்டுவாள். இப்போது வீடுகளையும் கூரைகளையும் சுவர் மறைத்துவிட்டது. அவை இரண்டின் தலை மட்டும் மேலே தெரிந்தது. அது போதும்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். மினாரா தொட்டிக்கு வெளியே நின்றது. எழுந்தாள். அடுத்த மரத்தில் சாய்ந்தாள். கொஞ்சம் நெருங்கியது. இப்படி ஒவ்வொரு மரத்திடமும் முதுகைக் கொடுத்து, வாங்கி, தோப்பின் குறுக்கே போனாள். அவள் நகர நகர அந்தப் பக்கத்தில் மினாராவும் மெல்ல நடந்து தொட்டியின் நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு மரத்தில் சாய்ந்தபோது நட்டநடுவில் நின்றது. அங்கே பழம் எதுவும் மிச்சமில்லை. முந்தின நாளே ஹில்மி மொட்டையடித்திருந்தான். கடித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் முதுகுக்குத் தெரிந்தது என்கிறாள்.

வேரடியில் முழ உயரத்தில் ஒரு கன்று கிளம்பியிருந்தது. கொய்யா அறுக்கிற கத்தியால் மண்ணைக் கிளறினாள். மண் கெட்டி. விரலாலும் தோண்டினாள். வேர் அறுந்து கையில் வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ஈரத் துணியில் வேரைச் சுற்றினாள். கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது. கொஞ்சம்தான்.

சாய்ந்தாள். சுவர் வெளுத்து, மெலிந்து, சலவைக் கொடியில் காய்கிற துப்பட்டாவைப்போல ஆடத் தொடங்கியது. அதன் பின்னால் கூரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எங்கள் மாடி தெரிந்தது, நான் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. மடியில் ஒரு சின்னக் கனம், சூடான கனம், பால் குடித்துத் தூங்கிப்போன மூச்சு. அவள் அசையாமல் இருந்தாள், பிள்ளை விழித்துவிடுமே என்று.

மினாராவிலிருந்து அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு எழுந்தது. பாங்குக்கு எந்தப் பக்கத்துக் கடிகாரமும் கிடையாது, சூரியன்தான். கண்ணைத் திறந்தால் மடியில் கன்று. வாயில் எப்போதோ திறந்திருக்க வேண்டும்.

திறந்துதான் இருந்தது. ஹில்மி தனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தான். நீங்க போங்க, எனக்கு அவசரமில்லை என்றான். எல்லோரும் போனார்கள். மர்ஸூக் ஒருவர்தான் மிச்சம். கூலிக்காரி எங்கே என்று காலையில் நின்ற அதே பையன் கேட்டான். வந்துகிட்டே இருக்கா என்றான் ஹில்மி. பையன் கதவில் கையை வைத்தான். என் தம்பி வாழ்நாளில் ஒரு பழத்தைக் கீழே போடாதவன். பெட்டியைத் தூக்கி, ஜீப்பின் முன்னால் கவிழ்த்தான்.

கொய்யா நாலு பக்கமும் ஓடியது. சக்கரத்துக்கு அடியில், கதவின் தண்டவாளத்தில், பட்டாளத்துச் சப்பாத்துகளுக்கு நடுவில். கதவை மூட முடியவில்லை. பொறுக்கு, பொறுக்கு என்று பையன் கத்தினான். மர்ஸூக் உடனே உதவிக்கு வந்து, ஒவ்வொரு பழமாக எடுத்து, தூசியை ஊதி, சட்டைக் கையில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பெட்டியில் வைத்தார். அவருடைய கழுதை உள்ளே வைத்ததில் சிலவற்றை வெளியே எடுத்துத் தின்றது.

யுஸ்ரா வந்தபோது முக்காடு நழுவி, கையெல்லாம் மண்ணாக, மார்போடு ஒரு பெரிய இலைக்கட்டை அணைத்திருந்தாள். எங்கே போயிருந்தாய் என்று பையன் கேட்டான்.

"பெட்டிக்கு மேல மூட இலை வேண்டாமா? இலை போடாம எவனாவது கொய்யா அனுப்புவானா?"

அது உண்மை. எங்கள் ஊரில் கொய்யாப் பெட்டி இலையால் மூடாமல் சந்தைக்குப் போகாது. அந்தப் பையனும் ஒவ்வொரு சாயங்காலமும் அதைப் பார்த்திருப்பான். ஆனால் அந்த வாயிலில் எது போகலாம், எது போகக் கூடாது என்பதற்கு நாங்கள் பார்த்த சட்டம் எதுவும் இல்லை. அன்றைக்கு நிற்கிறவனின் மனசுதான். மர்ஸூக்கின் கன்றுகளைக் கொஞ்ச நாள் முன்னால்தான் மண்ணோடு சாக்கடையில் வீசியிருந்தார்கள்.

யுஸ்ரா இலைக்கட்டைப் பெட்டிமேல் பரப்பினாள். பையன் கையை உள்ளே விட்டுத் துழாவினான். கன்றின் தண்டு அவன் விரல்களுக்குள் வந்தது. பிடித்தான். பையன் அதை ஒரு கிளை என்று நினைத்தானோ, வேறு என்ன நினைத்தானோ, விரலை முகர்ந்து பார்த்தான். போ என்றான்.

அன்றைக்கே அதை முற்றத்தில் நட்டோம். ஹில்மி குழி தோண்டினான், நான் தண்ணீர் ஊற்றினேன். இப்போது பார்க்க வேண்டும் அதை. ஒரே வருஷத்தில் மாடியைத் தாண்டி, சுவரைத் தாண்டி வளர்ந்துவிட்டது. உச்சிக் கிளை அந்தப் பக்கம் எட்டித் தாய் மரத்தைப் பார்க்கிறது. சாயங்காலம் இரண்டும் இலையை ஆட்டிப் பேசிக்கொள்கின்றன. போன வாரம் முதல் பழம் பறித்தோம். மெலிசான தோல், உள்ளே விடியற்கால வானத்தின் நிறம், கடித்தால் கடைசியில் அந்தப் புளிப்பு.

யுஸ்ரா இலை உருவுவதை நிறுத்தினாள்.

"என் இடுப்பு உசரம்தான் இருக்கு, மதினி. இன்னும் பூக்கவே இல்ல. அது என் மரம்தானான்னு காய்ச்சாத்தான் தெரியும்."